லோரோங் கூலிட்டில் காகிதச் சில்லறை

பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். துருப்பிடித்த சாவிகள், ஓடாத கைக்கடிகாரங்கள் நடுவே பழைய நோட்டுகள் அடுக்கிய பிளாஸ்டிக் ஆல்பம் கிடந்தால் அங்கே உட்காருங்கள்.

முதலில் 10 காசு நோட்டைக் கேளுங்கள். ரிங்கிட்டை நாம் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். முதல் உலகப் போரில் காலை வாரியது அந்த வெள்ளிதான். அதன் விலை ஏற ஏற, நாணயத்தில் பொறித்த மதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு கூடியது, உருக்கினார்கள், பதுக்கினார்கள். சில்லறை இல்லாமல், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்ற அரசு 1917-இல் 10, 25 காசுகளைத் தாளில் அடித்தது. 10 காசு நாணயத்தில் 60 சதவீதமாக இருந்த வெள்ளியும் 1918-இல் 40 ஆனது. 1919 தேதியிட்ட 10 காசு நோட்டைத் திருப்பினால் டிராகன் இருக்கும்.

சில்லறைத் தாள் பெரிய நோட்டைவிட வேகமாகக் கைமாறும், மடிப்பிலேயே நைந்துவிடும். மொடமொடப்பாக ஒன்று கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கழுவி, இஸ்திரி போட்டிருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மடிப்பு இருந்த இடத்தில் மை உதிர்ந்த கோடு தெரியும்.

1940-இல் மீண்டும் அதே கதை: பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலத்து மலாயா 10, 25 காசு நோட்டுகள்.

ஆல்பத்தில் அதிகம் இருப்பதென்னவோ ஜப்பானியர் ஆட்சிக்கால நோட்டுதான். 1 காசுக்குக்கூடத் தாள்! மலாயாவுக்கு அடித்ததில் எம் என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். வாழைமரம் போட்ட 10 வெள்ளிதான் மொத்தத்துக்கும் வாழைமர நோட்டு என்ற பெயர் வாங்கித் தந்தது. ஆரம்பத்து 10 வெள்ளியில் வரிசை எண் உண்டு, விலையும் கூடுதல். பிறகு எண்ணே இல்லை, எழுத்து மட்டும், கணக்கில்லாமல் அடித்தார்கள். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அத்தனையும் செல்லாக்காசு.

நினைவுப்பொருளாக விற்கும் நகல்களும் கலந்திருக்கும். 10 மடங்கு லென்ஸ் கொண்டுபோங்கள். கோடுகள் வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் அது இன்றைய பிரின்டர் வேலை. எண் உள்ள நோட்டு என்றால், எண்ணின் மை பிற்பாடு ஏற்றியதா என்றும் பாருங்கள்.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பிவிசி உறை நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து நோட்டைப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரொபிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.