இடது கைக் கோடு

சனிக்கிழமை ஒரு ஓவியம்-கவிதைப் பட்டறைக்குப் போனேன். போனேன் என்ன, தோழி இழுத்துக்கொண்டு போனாள். யானை வரையச் சொன்னால் பன்றி வரைகிற ஆள் நான்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் ஒரு கோடு. அழகாக வரவே வழியில்லை என்பதால் வெட்கமும் இல்லை. பிறகு "என் கைகளுக்குத் தெரியும்" என்று தொடங்கிப் பத்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். வாசிப்பதும் மடித்து வைப்பதும் அவரவர் இஷ்டம். பக்கத்திலிருந்த பெரியவர் மூன்றே வரி எழுதியிருந்தார். மூன்றாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு கிரேயான் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! இது சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லை. பட்டறை நடத்தியவரே முதல் வேலையாக இதைத்தான் சொன்னார்.

நான் எழுதியதை வாசிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நகக்கண்ணில் ஒட்டிய நீலம் இன்னும் போகவில்லை.