நந்திமலை அடிவாரத்தில் நான்கு குப்பத்துக்காரர்கள்

சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் ஊரான ஆந்திராவின் குப்பத்தில் ரயில் ஏறினோம். பெங்களூரு நெரிசலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கிருந்து வாடகைக் காரில் தொட்டபள்ளாபுரம் பக்கம், நந்திமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு, ஒயின் சுவைத்துப் பார்க்க.

மது என்றால் மடக்கென்று குடிப்பது என்றிருந்த எங்களுக்குப் பாடமே நடத்தினார்கள். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும். மேலே பிடித்தால் கைச்சூடு ஒயினுக்கு ஏறிவிடும். மெல்லச் சுழற்றி, முகர்ந்து, பிறகுதான் வாயில். பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்கும் சாறு வெளிறியதுதானாம். தோலோடு நொதிக்க விடுவதால்தான் சிவப்பு வருகிறது. நாற்பது வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்!

ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை ஊற்றிவிட்டு, "மிளகு வாசனை தெரிகிறதா?" என்றார் வழிகாட்டி. நண்பன் கண்ணை மூடி யோசித்து, "எங்கள் அம்மா வைக்கும் ரசம்" என்றான். அவர் சிரிக்கவில்லை, தலையாட்டினார். சுவைத்ததைத் துப்பப் பாத்திரமும் வைத்திருந்தார்கள். காசு கொடுத்ததைத் துப்ப யாருக்கு மனம் வரும்?

திரும்பும் வழியில் பெங்களூர் ப்ளூ திராட்சை இரண்டு கிலோ வாங்கினேன், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ரகம். வீட்டில் சாறு பிழிந்தோம். மகள் டம்ளரைச் சுழற்றி, முகர்ந்து பார்த்துவிட்டு, "சர்க்கரை போதாது அப்பா" என்றாள்.