சாதுவாகத் தெரியும் செல்கள்

எந்த உறுப்பின் ஸ்லைடு வந்தால் வயிற்றைக் கலக்கும் என்று, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் பதில் சினைப்பை. அங்கேயே உருவான புற்றா, வேறிடத்திலிருந்து வந்து குடியேறியதா என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

க்ரூகென்பெர்க் கட்டி பாடப்புத்தகப் பிரபலம். 1896இல் அதை விவரித்த மருத்துவர் க்ரூகென்பெர்க்கே, சினைப்பையில் தோன்றும் ஒருவகை சார்கோமா, அதாவது இணைப்புத் திசுவில் உருவாகும் புற்று என்றுதான் நினைத்தார். அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்து பரவுவது என்பது பிறகுதான் தெளிவானது. அவரைக் குறை சொல்ல முடியாது. வந்த செல்களைச் சுற்றி சினைப்பையின் சொந்தத் திசு அடர்ந்து வளர்ந்துவிடும். சில சமயம் ஹார்மோன்கூடச் சுரக்கும், முகத்தில் முடி முளைக்கும். அந்த அடர்த்திக்குள் சளி நிரம்பி, நியூக்ளியஸ் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட மோதிர வடிவச் செல்கள் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும்.

ஆனாலும் முகத்தைக் காட்டிக்கொடுக்கிற செல்கள் அவை. என்னை அலைக்கழிப்பது கணையத்திலிருந்து பரவி வரும் புற்றுதான். லென்ஸுக்கு அடியில் ஒரு நீர்க்கட்டி: சுவரில் ஒரே வரிசையாக உயரமான செல்கள், நியூக்ளியஸ் எல்லாம் ஒழுங்காக அடிப்பக்கத்தில். சாதாரணக் கட்டி என்று எழுதிவிடத் தோன்றும். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினால் நியூக்ளியஸ்கள் தடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இன்னும் நகர்த்தினால் அப்பட்டமான புற்று. பரவிய செல்கள் சினைப்பைக்குள் வந்தபின் இப்படி 'முதிர்ந்து' சாதுவாகிவிடுவதுண்டு. ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டு பக்கமும் கட்டி, அல்லது ஒரு பக்கம் 10 செ.மீ.க்குக் குறைவு என்றால் பரவியதாகச் சந்தேகி என்பது விதி. பெருங்குடல் புற்று அந்த விதியைச் சட்டை செய்யாது. ஒரே பக்கம் பெரிதாக வளர்ந்து நிற்கும். அங்கே, புற்று எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று துப்புக் கொடுக்கும் சிகே7, சிகே20 சாயங்கள் பெரும்பாலும் கைகொடுக்கும். கணையத்தில் அதுவும் குழப்பம்தான். கணையப் புற்றில் அடிக்கடி தொலைந்துபோகும் ஸ்மேட்4 என்ற புரதம் இந்தச் செல்களிலும் இல்லாமல் போயிருந்தால் ஒரு பிடி கிடைக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் புரதம் இருந்துதொலைக்கும்.

அதனால், 'முந்தைய நோய்' என்ற கட்டம் காலியாக வரும் படிவங்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அப்புறம் நானே போன் செய்து, கணையத்தை ஸ்கேனில் பார்த்தீர்களா என்று கேட்பேன். சர்ஜன் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.