மைனரின் ரைமிங் செயினும் ஒரு பல் பிசகும்

வீட்டில் நிற்கும் மொறிஸ் மைனர் 1000-க்கு 948 சிசி எஞ்சின். கொஞ்சக் காலமாக ஐடிலில் நிற்கும்போது, டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல முன்பக்கத்தில் ஒரு சத்தம். அப்பா அதைக் காதில் வாங்குவதே இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் கிடந்த காலத்தில், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார் இது. எரியாத மண்ணெண்ணெய், அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அந்த ஒயிலில் எத்தனை வருடம் ஓடியதோ, ரைமிங் செயின், அதாவது கிராங்க் தண்டிலிருந்து வால்வுகளைத் திறக்கும் காம் தண்டைச் சுற்றுகிற செயின், தேய்ந்ததில் அதிசயம் இல்லை.

செயினும் ரப்பர் வளையங்களும் ஸ்ரான்லி வீதியில் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போன மச்சான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்துவந்தார்.

முதல் சனிக்கிழமை முழுவதும், கிராங்க் தண்டின் முன் முனையில் இருக்கும் புல்லியின் நட்டோடு போனது. ரேடியேற்றரையும் ஃபான் பெல்ற்றையும் கழற்றி, லொக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, ரொப் கியரில் போட்டு, ஹான்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு ஸ்பானரில் தொங்கினேன். கார் மட்டும் மாமரத்தடியில் ஆடியது. இரவு முழுக்க ஒயில் ஊறவிட்டு, மறுநாள் காலை ஸ்பானர் பிடியில் சுத்தியலால் நாலு அடி போட்டதும் இளகியது.

செயினை மூடியிருக்கும் கவரைக் கழற்றியபோது செயின் தொய்ந்த கோலத்தைப் பார்த்து அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை. இந்த எஞ்சினில் செயினை இறுக்கத் தனியாக ஒரு கருவி கிடையாது. காம் கியரின் இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் வளையங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. எங்கள் காரில் அவை கருகின வடை போல உதிர்ந்துபோயிருந்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிராங்க் கியரில் ஒரு புள்ளி, காம் கியரில் ஒரு புள்ளி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி, இரண்டு தண்டுகளின் மையத்தையும் சேர்க்கும் கோட்டில் இருக்க வேண்டும். (புல்லியும் புள்ளியும் குழம்பக்கூடாது, நான் வீட்டில் குழம்பித்தான் பேசினேன்.) கழற்றுவதற்கு முன்பே எஞ்சினைச் சுற்றிப் புள்ளிகளை எதிரெதிரே கொண்டுவந்து விட்டேன். செயினில் இணைப்பு கிடையாது என்பதால் இரண்டு கியரும் செயினோடு சேர்ந்துதான் வெளியே வரும், சேர்ந்துதான் உள்ளே போகும். கிராங்க் கியருக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகடுகளைத் தொலைக்காமல் ஒரு கிண்ணத்தில் போட்டேன். இரண்டு கியரும் ஒரே தளத்தில் ஓடுவது அவற்றால்தான்.

புதுச் செயினுக்குள் இரண்டு கியரையும் மேசையில் வைத்தே பொருத்தி, புள்ளிகளை நேர்பார்த்துத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினேன். கிராங்க் பக்கம் ஏறிவிட்டது. காம் பக்கம், கியரைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை பள்ளத்துக்குள் போகவில்லை. வால்வ் ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் காம் தண்டு கொஞ்சம் அசைந்துவிட்டது போல. அங்கேதான் புத்தி பிசகியது. தண்டைத் திருப்புவதை விட்டு, கியரைச் செயினில் ஒரு பல் நகர்த்தினேன். அழகாக ஏறியது. நின்றபடி குனிந்து பார்த்தால் புள்ளிகள் இரண்டும் நேர் போலத்தான் தெரிந்தன.

பக்கத்து வீட்டு அண்ணை, முன்பு கராஜ் வைத்திருந்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டார்: "தம்பி, மேல நிண்டோ பாத்தனீர்? குந்தியிருந்து முகத்துக்கு நேர பாரும். அடிமட்டம் ஒண்டு வையும்."

நட்டைக் கையால் போட்டு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினேன். காம் புள்ளி உச்சியில் போய் நின்றது! பதறிவிட்டேன். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் காம் ஒரு சுற்று வரும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்துக்கு மறந்துபோனது. இரண்டாம் சுற்று முடிய, இரும்பு அடிமட்டத்தை இரண்டு மையத்துக்கும் குறுக்கே வைத்துக் குந்தியிருந்து பார்த்தேன். கிராங்க் புள்ளி கோட்டில், காம் புள்ளி ஒரு பல் தள்ளி. திரும்பவும் கழற்றி, இந்தமுறை காம் தண்டை மெதுவாகத் திருப்பிச் சாவிக்கட்டையைப் பள்ளத்துக்கு நேரே கொண்டுவந்து ஏற்றினேன். மறுபடி இரண்டு சுற்று, அடிமட்டம். சரி.

ஒயில் தெறிக்காமல் தடுக்கும் தட்டைக் குழிந்த பக்கம் வெளியே பார்க்கப் போட்டேன். கவரின் போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, புல்லியை, கவரில் ஒயில் கசியாமல் தடுக்கும் சீலுக்குள் ஏற்றிய பிறகுதான் இறுக்கினேன். முதலே இறுக்கினால் சீல் நடுவில் உட்காராது, ஒயில் கசியும்.

ஸ்ரார்ட் பண்ணியதும் சத்தம் இல்லை. ஆனால் கோண்டாவில் சந்தி தாண்டி ரொப் கியரில் மெதுவாகப் போய் அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று தட்டல். யோசித்துப் பார்த்தேன். பிளக்குகளுக்கு நெருப்புப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரும் காம் தண்டிலிருந்துதான் ஓடுகிறது. செயின் தொய்யத் தொய்ய நெருப்புப் பொறி பிந்தியிருக்கும். அதைச் சரிக்கட்ட யாரோ டிஸ்ரிபியூட்டரை முன்னுக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். செயின் புதிதானதும் அந்தத் திருப்பல் கூடிப்போய், பொறி முந்தி விழுந்து தட்டுகிறது. டிஸ்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பொயின்ற்றின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு, டிஸ்ரிபியூட்டரில் இருக்கும் சின்னத் திருகியை, பொறியைப் பிந்தவைக்கும் ஆர் (R) எழுத்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி ஓடிப் பார்த்தேன். நாலாவது தடவை போய்வந்தபோது தட்டல் நின்றது.

ரேடியேற்றரின் கீழ் ஓஸில் மட்டும் துளித்துளியாகத் தண்ணீர் சொட்டுகிறது. கிளிப்பை மாற்ற வேண்டும்.