ஏரித் தண்ணீரில் இல்லாத நஞ்சு

அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன், பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பற்றி 1962இல் வெளியிட்ட 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது கிளியர் லேக் கணக்குதான்.

கலிபோர்னியாவில் இருக்கும் அந்த ஏரியில் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி. கடிக்காது, மொய்த்துத் தொல்லை கொடுக்கும், அவ்வளவே. அதை ஒழிக்க 1949இல் DDD என்ற மருந்தைக் கலந்தார்கள். இது DDT என்ற பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவு. 7 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. பூச்சி திரும்பி வந்ததும் 1954இல் 5 கோடிக்கு 1 என்று கூட்டினார்கள். அந்தக் குளிர்காலமே முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கும் மேல் செத்தன. 1957இல் மூன்றாம் முறையும் கலந்தார்கள்.

செத்த பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு! தண்ணீரில் கலந்ததோ பத்து லட்சத்துக்கு 0.02 பங்கு. கடைசியாகக் கலந்த கொஞ்ச நாளில் தண்ணீரில் நஞ்சின் தடயமே இல்லை. அப்படியென்றால் எங்கே போனது? இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்பை விட்டு லேசில் வெளியேறாது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு, அவற்றைத் தின்ற மீன்களில் 40 முதல் 300, மீனைத் தின்ற பறவையில் 1,600. தண்ணீரை மட்டும் சோதித்தவர்களுக்கு ஏரி சுத்தம் என்றே தெரிந்திருக்கும்.

பூச்சிக்கொல்லியே கூடாது என்று கார்சன் சொல்லவில்லை. விளைவு தெரியாமல் கண்மூடித்தனமாகக் கொட்டுவதைத்தான் எதிர்த்தார். புற்றுநோயோடு 1963இல் செனட் குழு முன் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரலில் இறந்தார். அமெரிக்கா DDD-யின் உறவான DDT-யை, அதாவது டைகுளோரோ டைஃபீனைல் டிரைகுளோரோ ஈத்தேனை, விவசாயத்தில் தடை செய்தது 1972இல்.