தில்லிக்கு மேலே எரிமலைச் சாம்பல்: நாட்குறிப்பு

24 நவம்பர் 2025, திங்கள், இரவு

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலுள்ள ஹைலி குப்பி எரிமலை நேற்று வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன், அரபிக்கடல் வழியாகக் குஜராத்துக்கு வந்து, இன்றிரவே தில்லிக்கு மேலே வந்துவிடும் என்கிறார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் மேற்கிலிருந்து பாயும் காற்றின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

மயூர் விஹாரில் எங்கள் மாடி வீட்டு மாமி, "ஜன்னலைச் சாத்திடணுமா சார்? துணியை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம்தான் வரும். துணி கொடியிலேயே காயட்டும் என்றேன். சாம்பலின் பெரும்பகுதி 25,000 அடிக்கும் மேலே போகிறது. கீழே நாம் சுவாசிப்பது தில்லியின் சொந்தப் புகை.

25 நவம்பர், செவ்வாய்

சாம்பல் மேகத்தைத் தவிர்க்கும்படி விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நேற்றே அறிவுறுத்திவிட்டது. ஏர் இந்தியா சில பயணங்களை ரத்து செய்து, அந்தப் பகுதியின் மேல் பறந்துவந்த விமானங்களைச் சோதிக்கிறது. வானம் வழக்கம்போல் மங்கலாகத்தானே இருக்கிறது, இதற்கு எதற்கு ரத்து என்று தொலைக்காட்சியில் ஒரு பயணி பொரிந்து தள்ளினார். கண்ணுக்குத் தெரியாததுதான் இதில் சிக்கலே. மழை மேகத்தைக் காட்டும் விமான ரேடாருக்கு, நுண்ணிய உலர்ந்த சாம்பல் தென்படுவதில்லை.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. அது பொடியான பாறையும் கண்ணாடியும். ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்குகிறது. ஜெட் என்ஜினில் எரிபொருள் எரியும் எரிகலம் அதைவிடச் சூடானது. அங்கே உருகும் துகள்கள், சூடான வாயுவால் சுழலும் பின்பகுதியான டர்பைனில் ஒட்டி இறுகுகின்றன. டர்பைன் பிளேடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். குளிர்காற்று அவற்றின் வழியாக வந்துதான் பிளேடைக் காப்பாற்றுகிறது. கண்ணாடிப் பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், பிளேடு தன் சூட்டிலேயே கெட்டுவிடும். காற்றோட்டமும் குலைந்தால் என்ஜினே நின்றுவிடும்.

1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தின் நான்கு என்ஜின்களும், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கி அடுத்தடுத்து நின்றன. உயரம் குறைந்து சாம்பலிலிருந்து வெளியே வந்தபின், ஆறி இறுகிய படிவு உடைந்து உதிர்ந்ததால் என்ஜின்கள் மீண்டும் இயங்கின. முன்கண்ணாடி தேய்ந்து மங்கிப்போயிருந்ததால் ஜகார்த்தாவில் ஓடுபாதையைப் பார்ப்பதே விமானிகளுக்குப் பெரும்பாடானது. 1989 டிசம்பரில் அலாஸ்காவின் ரீடவுட் எரிமலை ஒரு கேஎல்எம் விமானத்துக்கும் இதே கதியைத் தந்தது. இரண்டிலும் உயிரிழப்பு இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

26 நவம்பர், புதன்

மேகம் நேற்று மாலையே சீனாவை நோக்கி நகர்ந்துவிட்டது. சாம்பலைக் கண்காணிக்க உலகில் 9 ஆலோசனை மையங்கள் உள்ளன. இம்முறை எச்சரிக்கைகளை வெளியிட்டது பிரான்சின் துலூஸ் மையம்.

முன்பு, சாம்பல் இருக்கும் வானில் பறக்கவே கூடாது என்பதுதான் விதி. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட் எரிமலை வெடித்தபோது அந்த விதியால் ஐரோப்பா முடங்கியது. ஏறக்குறைய 1 லட்சம் பயணங்கள் ரத்தாயின. அதன்பிறகே, ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் சாம்பல் என்ற வரம்பு ஐரோப்பாவில் வந்தது. தில்லியின் மோசமான நவம்பர் நாளில் அதே கனமீட்டரில் நுண்துகள் சில நூறு மைக்ரோகிராம் இருக்கும். அந்த வரம்போ 2,000 மைக்ரோகிராம். ஆனால் எண்களை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. புகைக்கரி என்ஜினுக்குள் எரிந்து போகும், பாறைப்பொடி உருகி ஒட்டும். நுரையீரலுக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பது வேறு விஷயம்.

27 நவம்பர், வியாழன்

மாலை வானம் சிவந்திருப்பதைப் படமெடுத்து, எரிமலைதான் காரணம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். உலகெங்கும் அந்திவானத்தை மாற்றுவதற்கு, எரிமலையின் கந்தக டைஆக்சைடு வாயு மிகுந்த அளவில், மேகங்களுக்கும் மேலேயுள்ள அடுக்குவளிமண்டலத்தை எட்டி, அமிலத் துளிகளாகி, மாதக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ ஏறத்தாழ 1.5 கோடி டன்னை அப்படி ஏற்றியதால் பூமியின் சராசரி வெப்பநிலையே சுமார் அரை டிகிரி குறைந்தது. ஹைலி குப்பி அந்த வரிசையில் வராது. படத்திலுள்ள சிவப்பில் பெரும்பகுதி நம் ஊர்ப் புழுதியும் புகையும்தான் என்று பதில் எழுதினேன். இதுவரை யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.