அப்பாவுக்குச் சொன்னது

"சாகணும்னு இல்ல சார், இது நின்னா போதும்" என்று அந்த மாணவர் சொன்னது அல்ல, அதை அடுத்து அவர் கேட்டதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது: "அப்பாவுக்கு மட்டும் சொல்லாதீங்க." குடியாத்தத்தில் கைலி நெய்து, கல்விக் கடனும் வாங்கி மகனைப் படிக்கவைக்கும் அப்பாவுக்கு, அரியர் விழுந்ததே தெரியாது.

முதல் வாக்கியம் எனக்குப் புரிந்தது. தற்கொலை எண்ணத்தின் வேர் தாங்க முடியாத மனவலி என்று அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1993இல் எழுதினார். அந்த வலியை அளக்க ரொனால்ட் ஹோல்டன் குழுவினர் 2001இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். மாணவர்களிடையே அவர்கள் செய்த ஆய்வுகளிலும் மனச்சோர்வைவிட இந்த வலியே தற்கொலை எண்ணத்தோடு நெருங்கி நின்றது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதையும் படித்திருந்ததால், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார், எப்போது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

ரகசியம் காப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அன்று மாலையே அவருடைய அக்காவை அழைத்துப் பேசி, இரவில் தம்பியைத் தனியாக விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எந்நேரமும் அழைக்கக்கூடிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐயும் கொடுத்தேன். அக்கா அப்பாவிடம் சொல்லாமல் இருப்பார் என்று நான் உண்மையிலேயே நம்பினேனா? மறுநாள் அப்பா, அக்கா, மகன் மூவரும் வேலூர் பாகாயத்தில் உள்ள மனநல மையத்துக்குச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளியின் ரகசியத்தைத் தேவையான அளவுக்கு வெளியிடலாம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது சிகிச்சை தருவோருக்கான விதி. ஆசிரியனான நான் அதைப் பிடித்துக்கொள்வது எனக்கே முழு நிறைவைத் தரவில்லை.

அவர் நலமாக இருக்கிறார், வகுப்புக்கு வருகிறார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மகன் என்னைக் கண்டால் வணக்கம் சொல்லிக் கடந்துபோகிறார். உயிரோடு இருப்பவரின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருடைய விடுதி நண்பர்களும் இப்போது என்னிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இனி யாராவது மனம்விட்டுப் பேச வந்தால், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டில் சொல்வேன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிட நினைக்கிறேன். அதைக் கேட்ட பிறகும் அவர் வாய் திறப்பாரா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.